முடியும் தேதி: நாற்பத்து மூன்று விளையாட்டுகள்

முதலில் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஒரு வியாழக்கிழமை, கனடாவில் நான் வசிக்கும் நகரத்திலிருந்து காரில் நாற்பது நிமிடத் தொலைவில் உள்ள சிற்றூரில், ஓர் இளைஞன் மூன்று பேரைச் சுட்டுக் கொன்றான்.

2. சனிக்கிழமைக்குள், அவன் அறை முழுக்க வன்முறை வீடியோ கேம்கள் இருந்தன என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். போலீஸ் அப்படி எதுவும் சொல்லவில்லை.

3. ஞாயிற்றுக்கிழமை, அந்த மாதிரி கேம்களைக் கடைகளிலிருந்து எடுக்க வேண்டும் என்று ஒரு மனு சுற்றத் தொடங்கியது. நான் வேலை பார்க்கும் நிறுவனத்துக்குப் பல ஊர்களில் கடைகள். அந்தச் சிற்றூரிலும் ஒன்று உண்டு.

4. திங்கட்கிழமை காலை, எடுத்துவிடலாம் என்று மேலிடம் முடிவு செய்தது.

5. எடுக்கும் வேலை எனக்கு வந்தது. பட்டியலில் நாற்பத்து மூன்று கேம்கள்.

6. அவற்றை நிறுத்தி வைக்க, "முடியும் தேதி" என்ற கட்டத்தை நிரப்பும்படி மென்பொருள் கேட்டது. யாரும் எனக்குத் தேதி சொல்லியிருக்கவில்லை. நானாக ஒன்றை இட்டேன். அந்த மூன்று பேரும் இறந்ததிலிருந்து பதினாறாம் நாள்.

7. பதினேழாம் நாள், சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, நாற்பத்து மூன்றும் தாமாகவே மீண்டும் விற்பனைக்கு வந்தன. "இவற்றை அலமாரியில் அடுக்கவும்" என்ற பட்டியல் எல்லாக் கடைகளிலும் அச்சானது.

8. அந்தச் சிற்றூர்க் கடையில் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தவர் டோனா. இறந்த மூவரில் ஒரு பெண்ணுக்கு அவர் அத்தை. துக்க விடுப்பு முடிந்து அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார்.

9. அந்தத் தேதியை ஏன் இட்டேன் என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் தரச் சொன்னார்கள். என் வேலை அனுமதி இந்த நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கிறது. வேலை போனால் அனுமதியும் போகும்.

வரிசையாகச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். நான் எழுதுவது ஊரில் இருப்பவர்களுக்கு. பதினாறு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதைப் போட நீ யார் என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். என் அக்கா கேட்டாள்.

*

என் வேலை எளிமையானது. நீங்கள் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பில் போடப் போகிறீர்கள். அதை இந்தக் கடையில் விற்கலாமா, என்ன விலைக்கு, எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை என்று பில் இயந்திரத்துக்குச் சொல்லும் மென்பொருளை நானும் இன்னும் மூன்று பேரும் பார்த்துக்கொள்கிறோம். பொருளை நாங்கள் கண்ணால் பார்ப்பதில்லை. எங்களுக்கு அது ஒரு எண்.

அந்தத் திங்கட்கிழமை என் மேலாளர் கிரெக் என் மேஜைக்கே வந்தார். நல்ல மனிதர். கூச்சப்படும் விஷயமாக இருந்தால் மின்னஞ்சல் அனுப்ப மாட்டார், எழுந்து வருவார்.

"பெரியவர்களுக்கு மட்டும் என்று அட்டையில் போட்டிருக்கிறதே, அதெல்லாம்" என்றார்.

தேடினேன். நாற்பத்தொன்று வந்தது. மேலிடத்திலிருந்து இன்னும் இரண்டைச் சேர்க்கச் சொன்னார்கள். வாத்துகளைச் சுடும் கேம் ஒன்று எல்லா வயதினருக்கும் உரியது என்பதால் தப்பித்தது. பட்டியலில் இருந்தவற்றில் நான்கை நானே ஆடியிருக்கிறேன். கல்லூரி விடுதியில், பரீட்சை முடிந்த நாட்களில், ஆறு பெண்கள் ஒரு மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவோம். குறி பார்ப்பதில் நான் கெட்டிக்காரி. அதனால் என் கை யார் மேலும் ஓங்கியதில்லை. ஆனால் அதை வைத்து உலகத்துக்கு ஒரு விதி எழுதவும் எனக்குத் துணிவில்லை.

"நம் கடையில் வேட்டைக்கான தோட்டாவும் விற்கிறோம். அதுவும் பட்டியலில் வருமா?" என்று கேட்டேன்.

கிரெக் என் திரையைப் பார்த்துக்கொண்டே, "அது வேறு பிரிவு" என்றார்.

"சரி. எதுவரைக்கும் நிறுத்த?"

"இப்போதைக்கு."

எங்கள் ஊர் ராஜபாளையத்தில் ஒருவர் "செத்த பொறுங்க" என்றால் அது ஒரு டீ ஆறும் நேரம் என்று எனக்குத் தெரியும். "பொறவு பாப்போம்" என்றால் அது நடக்காது என்று தெரியும். கிரெக்கின் இப்போதைக்கு எவ்வளவு நீளம் என்று, ஐந்து வருடமாகியும் எனக்குப் பிடிபடவில்லை. திரும்பக் கேட்டிருக்க வேண்டும். அவர் கதவைத் தாண்டிப் போய்விட்டிருந்தார். கட்டத்தைக் காலியாக விட்டால் மென்பொருள் சேமிக்காது, சிவப்புக் கோடு காட்டிக்கொண்டே நிற்கும். விரலை மடக்கி எண்ணினேன். வியாழன் ஒன்று, வெள்ளி இரண்டு, சனி மூன்று. பதினாறில் நிறுத்தித் தேதியை அடித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

*

எங்கள் அப்பா தென்காசி ரோட்டில் பேன்சி ஸ்டோர் வைத்திருந்தார். வளையல், ரிப்பன், பிளாஸ்டிக் பொம்மை, பள்ளிக்கூட நோட்டு. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே வாசலில் மேஜை போட்டு மத்தாப்பும் பொட்டு வெடித் துப்பாக்கியும் அடுக்குவார்.

அந்த ரோட்டில் இறந்தவரைத் தூக்கிக்கொண்டு போகும்போது கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதிக்கு இறக்குவார்கள். முழுதாக மூடுவதில்லை. இடுப்பளவு இறங்கியதும் நிறுத்திவிடுவார்கள். உள்ளே சாமான் வாங்க வந்தவர்கள் பேசாமல் நிற்பார்கள். ஷட்டருக்குக் கீழே கால்கள் மட்டும் போவது தெரியும். போனவர் யாரென்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. சங்குச் சத்தம் தள்ளிப் போனதும் ஷட்டர் மேலே ஏறும். "ஆங், என்ன சொன்னீக, ஒரு டஜனா?" என்று பேரம் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஷட்டரை இழுக்கிற கொக்கிக் கம்பிக்கு நானும் அக்காவும் சண்டை போடுவோம். துக்கத்துக்காக இழுக்கிறோம் என்ற எண்ணமெல்லாம் எங்களுக்குக் கிடையாது. கம்பி யார் கையில் என்பதுதான் போட்டி.

இங்கே கொடியைப் பாதிக் கம்பத்துக்கு இறக்குகிறார்கள். எப்போது திரும்ப ஏற்றுவது என்று ஓர் அலுவலகம் அறிவிக்கிறது. அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு எங்கள் அலுவலக வாசலிலும் கொடி இறங்கியது. ஒருநாள் காலை பார்த்தால் ஏறியிருந்தது. யார் ஏற்றினார்கள் என்று யாரும் பார்க்கவில்லை.

அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. அப்போது என் வேலை அனுமதி முடிந்து, புதியதற்கு விண்ணப்பித்துக் காத்திருந்தேன். அந்த நிலையில் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வந்து வேலையில் சேர முடியாமல் போகலாம். குடிவரவுத் துறையின் உதவி எண்ணை அழைத்தேன். ஒரு பெண் மிகுந்த மரியாதையோடு, "நீங்கள் போவதை நாங்கள் தடுக்கவில்லை" என்றார். அந்த வாக்கியத்தில் ஒரு தப்பும் இல்லை. வீட்டுக் கடன் பாக்கி இருந்தது. அம்மா, "நீ வந்து என்னம்மா ஆகப்போவுது, இருந்துக்கோ" என்றாள். இருந்துகொண்டேன்.

இறுதி ஊர்வலத்தில் அக்கா வீடியோ அழைப்பில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தாள். எனக்கு அப்பாவின் முகம் சரியாகத் தெரியவில்லை, மாலைகள்தான் தெரிந்தன. ஆனால் தென்காசி ரோட்டில் இரண்டு பக்கமும் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கியது நன்றாகத் தெரிந்தது. இங்கே அப்போது காலை. அலுவலகத்துக்குக் கிளம்பிய உடையில் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன்.

மூன்று நாள் விடுப்பு கொடுத்தார்கள். நான்காம் நாள் வேலைக்குப் போனேன். ஆனால் வீட்டுக்குள் பதினாறு நாளும் எண்ணினேன். கறி, மீன் தொடவில்லை. நல்ல துணி உடுத்தவில்லை. ஊரில் பதினாறாம் நாள் விசேஷம் முடித்து அம்மாவைக் கோவிலுக்குக் கூட்டிப் போனார்கள். பதினேழாம் நாள் நான் கடைக்குப் போய் மீன் வாங்கி வந்தேன். அவ்வளவு பெரிய துக்கத்துக்கு அந்த எண் ஒன்றுதான் எனக்குப் பிடிமானமாக இருந்தது. அதனால் அதை நம்பினேன்.

*

கேம்கள் நிறுத்தத்தில் இருந்த நாட்களில் பிரபு அண்ணன் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். அவருக்கு ஆலங்குளம். அவருடைய அப்பா அங்கே சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவர். இந்த நகரத்தில் என்னை "எப்படி இருக்கத்தா?" என்று கேட்கும் ஒரே ஆள்.

அவர் தன் மகள் தியாவின் கேம்கள் இரண்டைக் குப்பையில் போட்டுவிட்டார். பன்னிரண்டு வயதுப் பெண் மூன்று நாளாக அவரோடு பேசவில்லை என்றார். பேசினாலும் ஆங்கிலத்தில்தான் பேசுவாள் என்பதால் அவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லையாம்.

"நீயே சொல்லு, பொட்டப்புள்ள வீட்டுல உக்காந்து டுமீல் டுமீல்னு சுட்டுக்கிட்டு இருந்தா என்னத்துக்கு ஆகும்?" என்றார்.

"நீங்க சின்ன வயசுல குவாரியில வெடி வைக்கிறதப் போயி வேடிக்கை பாப்பேன்னு சொல்வீகளே அண்ணே."

"அது கல்லுத்தா. கல்ல ஒடைக்கது. மனுசனையா ஒடைச்சோம்?"

தியா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் தமிழில் பேசினாலும் அவளுக்குப் புரியும். ஆங்கிலத்தில் சொன்னாள்: "நேற்று அப்பா பார்த்த படத்தில் ஒரு ஆள் அரிவாளால் பதினொரு பேரை வெட்டினான். நான் எண்ணினேன்."

"அது கதைக்குத் தேவைடி" என்றார் பிரபு அண்ணன்.

அவருடைய மனைவி சுகன்யா அக்கா ரசத்தை எடுத்துவர உள்ளே போனவர், அங்கேயே நின்று சிரித்து முடித்துவிட்டுத்தான் வந்தார்.

கிளம்பும்போது தியா வாசல்வரை வந்தாள். "நீங்கள்தான் கடையில் எல்லாவற்றையும் எடுத்ததா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அதனால் என்ன சரியாகும்?" என்றாள். திமிராகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எதுவும் சரியாகாது, ஆனாலும் எடுக்கலாம் என்று சொல்ல நினைத்தேன். என் ஆங்கிலத்தில் அது அலுவலகக் கடிதம் மாதிரி வந்துவிடும். அவளுடைய தமிழுக்கு அது எட்டாது. "தெரியலம்மா" என்றேன்.

*

டோனாவை எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் அந்தச் சிற்றூர்க் கடைக்குப் புதிய மென்பொருளைப் பழக்கப் போயிருந்தேன். வாகன நிறுத்தத்தில் பனியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். ஓடிவந்து தூக்கிவிட்டவர் அவர்தான். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். "பென்குயின் மாதிரி நட" என்று கையிரண்டையும் விரித்து, அத்தனை பேர் பார்க்க நடந்து காட்டினார். அன்று சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் அப்படியே கார்வரை நடந்தோம்.

பதினேழாம் நாள் காலை அவர் அந்தத் தாளைப் படித்துவிட்டு யாரையும் சத்தம் போடவில்லையாம். பெட்டிகளை எடுத்துவந்து, அலமாரியில் நான்கைந்தை அடுக்கவும் செய்திருக்கிறார். சொன்ன வேலையைச் செய்து பழகிய கை. பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். கடை மேலாளர் வந்து பார்த்து வீட்டுக்கு அனுப்பினார். இதையெல்லாம் கிரெக் சனிக்கிழமை பகலில் தொலைபேசியில் சொன்னார். "அவரோடு நீ பேசக் கூடாது. பணியாளர் பிரிவு சொல்லச் சொன்னது" என்றும் சேர்த்துச் சொன்னார்.

கடை திறந்த ஒரு மணி நேரத்துக்குள் யாரோ அலமாரியைப் படம் எடுத்து இணையத்தில் போட்டிருந்தார்கள். 'துக்கம் காலாவதி ஆகிவிட்டது' என்று கீழே எழுதியிருந்தார்கள். எழுதியவருக்கு என்னைத் தெரியாது. ஆனாலும் என் பெயரைப் போட்டு எழுதியது போலத்தான் இருந்தது.

திங்கட்கிழமை கிரெக் மறுபடி என் மேஜைக்கு வந்தார். அறைக் கதவைச் சாத்தினார்.

"தேதி காலியாக இருந்ததால் மென்பொருளே ஏதோ ஒன்றை இட்டுவிட்டது என்று எழுதலாம். அப்படி நடக்கக்கூடியதுதான்."

"மென்பொருள் இடாது. சேமிக்காமல் நிற்கும்."

"அது உனக்கும் எனக்கும் தெரியும்."

"பதிவேட்டில் என் பெயரும் நேரமும் இருக்கிறது."

"அதை யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை." பிறகு, "உன் அனுமதியை நினைத்துத்தான் சொல்கிறேன்" என்றார். அவர் நல்ல மனிதர் என்று முதலிலேயே சொன்னேன்.

*

அக்கா பெயர் கோதை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிங் வேலை. பதினோரு வருடமாக ஊரார் வழக்குகளையெல்லாம் அடித்து அடித்து, எந்தக் காகிதத்தில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதில் அவளுக்கு உறுதியான கருத்துகள் உண்டு. என் சாயங்காலம் அவளுக்குக் காலை. கோர்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில்தான் எப்போதும் பேசுவோம்.

"ஏட்டி, என்ன மூஞ்சி இப்படி இருக்கு? இரு, அவியளுக்கு டிபன் டப்பாவ மூடிக் குடுத்துட்டு வாரேன்."

வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். இட்லிச் சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அந்த தொரை சொன்ன மாதிரியே எழுதிரு. மிசினு போட்டுச்சுன்னு."

"மிசினு போடலக்கா."

"போடலன்னு மிசினு வந்து சாட்சி சொல்லுமா? எங்க ஆபீசுல பதில் மனு அடிக்கோம்ல, மொத வரி என்ன தெரியுமா? 'மனுதாரர் கூறுவது அனைத்தும் மறுக்கப்படுகிறது.' மொதல்ல மறுத்துரணும். பொறவுதான் மத்ததெல்லாம். நீ என்னடான்னா மொத வரியிலயே ஒத்துக்கிடுதேங்க."

"டோனா அந்தத் தாளைக் கையில வச்சிருந்தாகக்கா."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"நான் தப்பா ஒன்னும் செய்யலன்னு சொல்ல வரல" என்றேன். "ஆனா வாய்க்கு வந்த தேதியும் இல்லக்கா அது. செல்வி அக்கா இறந்தப்ப நம்ம அப்பா அப்படித்தான செஞ்சாக? பதினாறு நாளும் வெடியெல்லாம் உள்ள வச்சிருந்துட்டு, பதினேழாம் நாள் எடுத்து வெளிய வச்சாக."

செல்வி அக்கா எங்கள் பின் தெருவில் இருந்தவர். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் பத்தாம் வகுப்பு படித்தபோது, தீபாவளிக்கு இருபது நாள் இருக்கையில், அங்கே நடந்த விபத்தில் இறந்துபோனார். அன்று மாலையே அப்பா வாசல் மேஜையை மடக்கி, வாங்கி வைத்திருந்த மத்தாப்பு, வெடி, பொம்மைத் துப்பாக்கி எல்லாவற்றையும் உள்ளறையில் போட்டுச் சாக்கால் மூடிவிட்டார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. அந்தச் சரக்கு அந்த ஆலையில் செய்ததா என்றுகூட அவருக்குத் தெரியாது.

"பதினேழாம் நாளு எடுத்தாகன்னு யாரு சொன்னா?" என்றாள் அக்கா.

"நான் பாத்தேனே."

"நீ எங்கட்டி பாத்த? நீ டியூசன் போயிட்ட. கடையில நான்தான இருந்தேன்."

"பதினாறு நாள்னு..."

"பதினாறு முடிஞ்சதும் மேசையப் போட்டது எதுத்த கடை அண்ணாச்சி. நம்ம அப்பா இல்ல. அம்மா பிடிபிடின்னு பிடிக்கா. 'ஊரே எதுத்த கடையில நிக்கி, நீங்க மட்டும் சாமியாரு மாதிரி ஒக்காந்திருக்கீக, தீவாளிக்கு நாலு நாளுதான் கெடக்கு'ன்னு. அப்பா அன்னைக்கும் எடுக்கல. மறுநாளும் எடுக்கல. தீவாளிக்கு முந்துன நாளு சாயந்தரம் காளிராஜ் அண்ணன் வந்தாக."

காளிராஜ் அண்ணன் செல்வி அக்காவின் கணவர். நூல் மில்லில் வேலை பார்த்தவர்.

"சைக்கிள ஸ்டாண்டு போட்டுட்டு வந்து நின்னாக. 'என்ன அண்ணாச்சி, இந்த வருசம் வெடி யாவாரம் பாக்கலையா?'ன்னாக. அப்பா தலையக் குனிஞ்சுக்கிட்டு 'இல்ல காளி, சும்மாதான்'ன்னாக. 'எடுங்க அண்ணாச்சி. எம் மக வாசல்ல நின்னு மத்த பிள்ளைகளையே பாத்துக்கிட்டு இருக்கா. ரெண்டு பெட்டி கம்பி மத்தாப்பு குடுங்க. அவ அம்மா ஒட்டுன பெட்டியாக்கூட இருக்கும்'ன்னாக."

அக்கா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள்.

"அப்பா உள்ள போனாக. வரவே இல்ல. நான் எட்டிப் பாத்தா, சாக்கப் பிடிச்சுக்கிட்டு நிக்காக. பொறவுதான் ரெண்டு பெட்டிய எடுத்து அவுக கையில குடுத்தாக. அவுக போன பொறவுதான் மேசை வெளிய வந்துச்சு. அது பத்தொம்பதாம் நாளோ இருவதோ. அத யாரு எண்ணுனா?"

எண்ணியது நான்தான். பதினான்கு வருடமாக அந்தக் கதையை எனக்கே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அதில் காளிராஜ் அண்ணன் இல்லை. சைக்கிள் இல்லை. உள்ளறையில் அப்பா நின்ற நேரம் இல்லை. டியூஷன் முடிந்து வந்தபோது மேஜை வெளியே இருந்திருக்கும், எதிர்க்கடையிலும் இருந்திருக்கும், யாரோ பதினாறு முடிந்தது என்று சொல்லியிருப்பார்கள். நான் எண்ணை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். விமானத்தில் கொண்டுவர எடை குறைந்தது அதுதான்.

ஊரை நினைத்து ஏங்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது: தூரத்தில் இருந்தாலும் எனக்கு அது மனப்பாடம் என்று. அய்யனார் கோவில் அருவிக்குப் போகும் வழியில் எந்தத் திருப்பத்தில் காற்று மாறும், மில் சங்கு எத்தனை தடவை ஊதும், மலை மேல் மேகம் எந்தப் பக்கம் இறங்கினால் நம் தெருவுக்கு மழை என்று கேட்டால் சொல்வேன். அதில் எத்தனை நான் பார்த்தவை, எத்தனை நான் இல்லாதபோது நடந்தவை என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சந்தேகம் வந்தது. தொலைவில் இருப்பதைவிட அது கஷ்டமாக இருந்தது.

"இப்பமாவது மிசினுன்னு எழுதுவியா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா."

"வேல போச்சுன்னா?"

"வாரேன்."

"வந்து? எங்க ஆபீசுல ஒரு மிசினு சும்மாதான் கெடக்கு. 'எ' எழுத்து விழாது. அதுல ஒக்காந்து அடி." சிரித்தாள். உடனே நிறுத்தினாள். "ஏட்டி, நெசமாவா சொல்லுத?"

'வாரேன்' என்ற சொல் என் வாயிலிருந்து வந்த வேகம் எனக்கே பயமாக இருந்தது. பயந்து சொன்னதா, ஆசையில் சொன்னதா என்று பிரிக்க முடியவில்லை. தெரியலக்கா என்றேன். கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் போனை வைத்தாள்.

*

விளக்கத்தை வியாழக்கிழமை எழுதினேன். ஒரு பக்கம்தான். தேதியை மென்பொருள் இடவில்லை, நான் இட்டேன். கேட்டிருக்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை. என் ஊரில் துக்கத்துக்குப் பதினாறு நாள் கணக்கு உண்டு, அந்தப் பழக்கத்தில் இட்டேன். இதுவரை எழுத எனக்குச் சிரமம் இல்லை.

அடுத்த பத்தியைத்தான் நான்கு முறை திருத்தினேன். என் அப்பாவும் ஒரு விபத்துக்குப் பிறகு தன் கடையில் சரக்கை எடுத்து உள்ளே வைத்தவர் என்று எழுதினேன். அந்தச் சரக்கு குற்றவாளி என்று நினைத்து அவர் வைக்கவில்லை. பின் தெருவில் ஒரு வீட்டில் ஓர் ஆள் குறைந்துவிட்டது, அந்த வீட்டு ஆட்கள் கடந்துபோகும் இடத்தில் அது இருக்க வேண்டாம் என்று வைத்தார். நம் நிறுவனம் கேம்களை எடுத்தது கொலைக்குக் காரணம் அவை என்பதற்காக என்றால், அதற்கு நம்மிடம் ஆதாரம் இல்லை. தோட்டாவை விட்டுவிட்டு அவற்றை மட்டும் எடுத்ததற்கு நியாயமும் இல்லை. அக்கம்பக்கத்துக்காக எடுத்தோம் என்றால் எடுத்தது சரி. ஆனால் அப்போது திரும்ப வைக்கும் நாளை நானோ மேலிடமோ சொல்ல முடியாது. என் அப்பா தேதி பார்த்து எடுக்கவில்லை. மனைவியை இழந்தவர் தன் மகளுக்கு மத்தாப்பு கேட்டு வந்த பிறகுதான் எடுத்தார். எனக்கு எண் மட்டும் நினைவிருந்தது, ஆள் நினைவில்லை. டோனாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு அனுமதி இல்லை என்பதால் அதையும் இந்தக் காகிதத்திலேயே எழுதிவைக்கிறேன்.

கிரெக் அதை என் முன்னாலேயே படித்தார். "இதில் உன்னைக் காப்பாற்றும் வரி ஒன்றுகூட இல்லையே" என்றார். பிறகு அவரே எடுத்துக்கொண்டு பணியாளர் பிரிவுக்குப் போனார். நான் கொடுக்கிறேன் என்று எழுந்தேன், உட்காரச் சொன்னார்.

இன்று செவ்வாய்க்கிழமை. விளக்கம் கொடுத்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. முடிவு சொல்லவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். நாற்பத்து மூன்று கேம்களும் எல்லாக் கடைகளிலும் மறுபடி நிறுத்தத்தில் இருக்கின்றன. என் அனுமதிக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அப்பாவின் இரண்டாம் வருடத் திதிக்கு ஊருக்கு வர விடுப்புக் கேட்டிருக்கிறேன், அதற்கும் பதில் இல்லை. என் காகிதத்தை டோனா கேட்டு வாங்கிப் படித்தார் என்று நேற்று கிரெக் சொன்னார். மன்னித்ததாகவோ இல்லை என்றோ அவர் எதுவும் சொல்லவில்லை. அந்த மத்தாப்புச் சிறுமியின் பெயர் என்ன, இப்போது எங்கே இருக்கிறாள் என்று மட்டும் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் பெயர் நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையம் போய் பின் தெருவில் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.